ஊர்க்காரர் கேள்வியைப் பல்கலைக்கழகத் துறையில் ஆய்வாக்குவது எப்படி?

பொதுமக்கள் கேட்கும் கேள்விக்குப் பல்கலைக்கழகமே ஆய்வு செய்து பதில் தரும் 'அறிவியல் கடை' முறை 1970களில் நெதர்லாந்தில் தொடங்கியது. எந்தத் துறையும் இதைத் தொடங்கலாம். பொறுப்பாளர் ஒருவர், அவருக்கென ஒரு தொலைபேசி எண், வாரம் இரண்டு நாள் ஆள் இருக்கும் ஒரு மேசை போதும். பொது மின்னஞ்சலை மட்டும் நம்ப வேண்டாம். அதில் வரும் கடிதத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

வருகிறவர் கையில் கேள்வி இருக்காது, குறைதான் இருக்கும். "கிணத்துத் தண்ணி சரியில்லைங்க" என்பார். முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எப்போதிலிருந்து, மழைக்குப் பிறகா, எத்தனை வீட்டில் என்று விசாரித்துவிட்டு, "பதில் கிடைத்தால் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஆய்வின் அளவே இதில்தான் தீர்மானமாகிறது. குடிக்கலாமா என்று அறிய மட்டுமென்றால் கிருமி, நைட்ரேட் சோதனைகளில் தொடங்கலாம். வழக்குப் போடுவதென்றால் மாணவர் செய்த சோதனையின் முடிவு நிற்காது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கேள்வி, கெடு, செய்ய முடியாதவை, முடிவை யார் வெளியிடலாம் என்பதை அரைப் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஆய்வைச் செய்யப்போவது மாணவர்கள் என்பதால், செமஸ்டர் தொடங்க ஒரு மாதம் முன்பே கேள்வி தயாராக வேண்டும். நடுவில் சேர்த்தால் தேர்வு வந்ததும் வேலை அப்படியே நின்றுவிடும்.

தண்ணீர் ஆய்வென்றால், மாதிரி எடுப்பதில்தான் சறுக்கல் அதிகம். நைட்ரேட் சோதனைக்கான பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி நிரப்ப வேண்டும். கிருமிச் சோதனைக்கான நுண்ணுயிர் நீக்கிய பாட்டிலை அலசவே கூடாது. குளோரினை முறிக்க உள்ளே போட்டிருக்கும் தயோசல்ஃபேட் போய்விடும். குலுக்கிக் கலக்க மேலே 2.5 செ.மீ. இடம் விடுங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகம் சேருங்கள். எடுத்துத் தருபவர் ஊர்க்காரர் என்றால், ஒருமுறை அவர் கையாலேயே செய்ய வைத்துப் பாருங்கள்.

மாணவர் பட்டம் வாங்கிப் போய்விட, கேட்டவருக்குப் பதிலே போகாமல் இருப்பது பெரும் துரோகம். ஆகவே முடிவை நேரில் விளக்கிய பிறகே மதிப்பெண் என்று விதி வையுங்கள். அறிக்கை இரண்டு பக்கம், முதல் பத்தியிலேயே விடை. உறுதியாகத் தெரியவில்லை என்றால் அதையும் அங்கேயே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் பொறுப்பாளர் ஒரு போன் செய்து, அந்த அறிக்கை எதற்குப் பயன்பட்டது என்று கேட்டுக் கோப்பில் குறித்து வைக்கட்டும்.