ஸ்கைடைவிங்: ஏஏடியையும் அலாரத்தையும் ஒழுங்காகப் பயன்படுத்த

விமானத்தில் ஏறும் முன் முதலில் பார்க்க வேண்டியது ஏஏடி, அதாவது நீங்கள் பாராசூட்டை விரிக்கத் தவறினால் ரிசர்வ் என்னும் அவசரகால இரண்டாவது பாராசூட்டைத் தானாகவே திறந்துவிடும் கருவி. அதைக் குதிக்கும் இடத்துக்கு வந்து, தரையில் வைத்தே ஆன் செய்யுங்கள், ஏனென்றால் அங்குள்ள காற்றழுத்தத்தை வைத்துத்தான் அது உயரத்தைக் கணக்கிடுகிறது. வேறு உயரத்தில் இருக்கும் ஊரில் ஆன் செய்துவிட்டுக் காரில் வந்தால் கணக்கு தப்பிவிடும்.

இந்த வகையைப் பரவலாக்கியது 1991-இல் வந்த சைப்ரஸ் என்ற ஏஏடி. அனுபவசாலிகளுக்கான அதன் மாடல், சுமார் 225 மீட்டர் உயரத்தில் நீங்கள் இன்னும் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வ் பையை மூடியிருக்கும் கயிற்றைச் சின்ன பிளேடால் அறுத்துவிடும். வயிறு கீழாக விழும்போது வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர், அப்படியென்றால் அப்போது மிச்சம் நாலே நொடி! அதை நம்பித் தாமதிக்கவே கூடாது. மெயினை, அதாவது முதன்மைப் பாராசூட்டை, மிகத் தாழ்வாக இழுத்தால் இரண்டும் சேர்ந்து விரியும் ஆபத்தும் உண்டு.

அடுத்தது அலாரம்: ஹெல்மெட்டுக்குள் வைக்கும் ஆல்டிமீட்டரில், அதாவது உயரம் காட்டும் கருவியில், கூட விழுபவர்களை விட்டுப் பிரியும் உயரம், விரிக்கும் உயரம், கடைசி எச்சரிக்கை என மூன்று ஒலிகளை அமைத்துக்கொள்ளலாம். காற்றிரைச்சலில் அது கேட்காமலும் போகலாம், அதனால் மணிக்கட்டு மீட்டரையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

சரி, திறமையை வளர்க்க? ஜிபிஎஸ் பதிவுக் கருவி போதும், எந்த உயரத்தில் திரும்பினீர்கள், எவ்வளவு வேகத்தில் இறங்கினீர்கள் என்று பயிற்சியாளரோடு உட்கார்ந்து பார்க்கலாம். கேமராவை மட்டும் ஆரம்பத்திலேயே மாட்டாதீர்கள்: கவனம் சிதறும், பாராசூட் கயிறும் அதில் சிக்கலாம்.