ஃபாஸ்டிங் நல்லா இருக்கு, மூணு மாச சுகர் மட்டும் ஏன் குறையல? வீட்டு சுகர் நோட்டை எப்படிப் படிக்கிறது

எங்க அம்மாவுக்கு பதினோரு வருஷமா சுகர். தினமும் காலைல காபிக்கு முன்னாடி விரல்ல குத்திப் பாத்து 112, 118, 109னு காலண்டர்ல எழுதி வச்சிருவாங்க, நாங்களும் கண்ட்ரோல்ல இருக்குன்னுதான் நெனச்சிட்டு இருந்தோம். மூணு மாச டெஸ்ட் எடுத்தா 8.3. லேப்ல தப்பா போட்டிருப்பாங்கன்னு வேற லேப்ல எடுத்தோம், 8.2. ரெண்டு லேபும் சரியாத்தான் சொல்லியிருக்காங்க, நாங்க வீட்ல குத்திப் பாத்த நேரம்தான் போதாம இருந்திருக்கு. இதே குழப்பத்துல நெறைய பேர் இருக்காங்க, அதனாலதான் எழுதறேன்.

முதல்ல அந்த மூணு மாச டெஸ்ட் நம்பரை (ஹெச்பிஏ1சின்னு சொல்வாங்க) சாதாரண சுகர் நம்பரா மாத்திப் பாருங்க. 28.7ஆல பெருக்கி 46.7ஐ கழிக்கணும், அவ்ளோதான். 7 வந்தா சராசரி 154, 8 வந்தா 183, 9 வந்தா 212. அம்மாவோட 8.3க்கு கிட்டத்தட்ட 190 வருது. காலைல 112, ஆனா நாள் முழுக்க சராசரி 190னா, மீதி நேரத்துல எங்கயோ நல்லா ஏறுதுன்னுதானே அர்த்தம்? ரத்தத்துல இருக்குற சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும், அதுக்குள்ள இருக்குற ஹீமோகுளோபின்ல எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்குன்னு பாக்குறதுதான் இந்த டெஸ்ட். பேருதான் மூணு மாசம், கடைசி ஒரு மாசத்துக்கே ஏறக்குறைய பாதி பங்கு போயிடும், அதனால டெஸ்டுக்கு முன்னாடி கல்யாண சாப்பாடு, பண்டிகைன்னு வரிசையா வந்திருந்தா அதையும் நோட்ல எழுதி வைங்க.

சரி, எங்க ஏறுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஜோடி ஜோடியா பாக்கணும். ஒரு வேளை சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு தடவை, முதல் வாய் வச்சதுல இருந்து சரியா ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை. மீட்டர்ல சொருகுற ஸ்ட்ரிப் விக்கிற விலைக்கு மூணு வேளையும் குத்த முடியாது, தேவையும் இல்ல. ரெண்டு நாள் காலை டிபன், அடுத்த ரெண்டு நாள் மதியம், அடுத்த ரெண்டு நாள் ராத்திரின்னு மாத்தி மாத்தி போனா ஒரு வாரத்துல பன்னெண்டு ஸ்ட்ரிப்ல முடிஞ்சிரும். பக்கத்துலயே என்ன சாப்பிட்டாங்க, எத்தனைன்னு எழுதணும், "டிபன்"னு மட்டும் எழுதினா பிரயோஜனம் இல்ல, "நாலு இட்லி, சாம்பார், சர்க்கரை போட்ட காபி"ன்னு எழுதுங்க. அம்மாவுக்கு ராத்திரி சப்பாத்திக்கு 40தான் ஏறுச்சு, மதியம் 60, காலைல மட்டும் 118ல இருந்து 251. நோட்டை டாக்டர்கிட்ட காட்டினதும் அவர் மாத்திரை நேரத்தை மாத்தினார், இட்லியை ரெண்டாக்கி கூட சுண்டலோ முட்டையோ வச்சுக்கச் சொன்னார். நாங்களா ஒரு மாத்திரையும் மாத்தல, நீங்களும் தயவுசெஞ்சு மாத்தாதீங்க. அடுத்த மூணு மாசத்துல 7.4க்கு வந்துச்சு.

பொதுவா சாப்பாட்டுக்கு முன்னாடி 80ல இருந்து 130, சாப்பிட்ட பிறகு 180க்குள்ளன்னு சொல்றாங்க, கர்ப்பமா இருக்கவங்களுக்கு கணக்கே வேற.

மீட்டரையும் அப்படியே நம்பிடக் கூடாது. 100க்கு மேல இருந்தா 15 சதவீதம் முன்ன பின்ன காட்டினாலும் அது நல்ல மீட்டர்தான், தர விதியே அவ்ளோதான் கேக்குது. அதாவது நிஜமா 180 இருந்தா 153ம் காட்டலாம் 207ம் காட்டலாம். நேத்து 140 இன்னைக்கு 152ன்னு பயந்து ராத்திரி சாப்பாட்டை விடற பெரியவங்களைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு. மாம்பழம் நறுக்கின கையோட குத்தினா கண்டபடி ஏத்திக் காட்டும், சோப்பு போட்டுக் கழுவி நல்லா துடைச்சிட்டு குத்துங்க. ஸ்ட்ரிப் டப்பாவை திறந்து போட்டா ஈரம் ஏறிடும்.

70க்குக் கீழ போனா வேற எதையும் யோசிக்காதீங்க, மூணு டீஸ்பூன் சர்க்கரையை தண்ணில கரைச்சுக் குடுத்துட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாருங்க. மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

இன்னொண்ணு, ரத்த சோகை. இரும்புச்சத்து கம்மியா இருந்தா ஹெச்பிஏ1சி உள்ளதை விட அதிகமா காட்டலாம், ரத்தம் ஏத்தியிருந்தாலோ நெறைய ரத்தம் போயிருந்தாலோ கம்மியா காட்டலாம். நம்ம வீட்டுப் பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு ரத்த சோகை இருக்கு, அதனால ஹீமோகுளோபினையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்க.

அப்புறம் இந்த ஆராய்ச்சி செய்தி. "சுகர் வர்ற வாய்ப்பு 28 சதவீதம் குறையுது"ன்னு வந்தா, நூறு பேர்ல எத்தனை பேருக்குன்னு கேளுங்க. சென்னைல டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வச்சு செஞ்ச ஆய்வு 2006ல வெளிவந்துச்சு, எல்லாரும் சுகர் வர்ற விளிம்புல இருந்தவங்க. மூணு வருஷத்துல, சும்மா விட்டவங்கள்ல நூத்துக்கு 55 பேருக்கு சுகர் வந்துச்சு, நடை, சாப்பாடுன்னு மாத்தினவங்கள்ல 39 பேருக்கு வந்துச்சு. அந்த 28 சதவீதம் இதுதான், நூத்துக்கு சுமார் 16 பேர் தப்பிச்சிருக்காங்க, நடை, சாப்பாட்டை மாத்தியே இவ்வளவு பேர் தப்பிக்க முடியும்னா எனக்கு அது ரொம்பப் பெரிய விஷயம்.

யாரை வச்சு ஆய்வு செஞ்சாங்கன்னும் பாக்கணும். 1998ல வெளிவந்த பிரிட்டனோட யுகேபிடிஎஸ் ஆய்வு, புதுசா சுகர் கண்டுபிடிச்சவங்களை வச்சு செஞ்சது, சுகரை இறுக்கமா வச்சவங்களுக்கு கண், கிட்னி மாதிரி சின்ன ரத்தக்குழாய் பாதிப்பு குறைஞ்சுது. பத்து வருஷம் கழிச்சு 2008ல வெளிவந்த, அமெரிக்கா, கனடால நடந்த அக்கார்டு ஆய்வுல, பல வருஷமா சுகரும் கூடவே இதய ஆபத்தும் இருந்த 10,251 பேர்ல பாதிப் பேருக்கு ஹெச்பிஏ1சியை 6க்குக் கீழ கொண்டுவரப் பாத்தாங்க, அவங்கள்ல 257 பேர் இறந்தாங்க, அவ்வளவு இறுக்காத மத்த குழுவுல 203 பேர், ஆய்வோட அந்தப் பகுதியையே பாதில நிறுத்திட்டாங்க. அதனாலதான் 72 வயசு அம்மாவுக்கு 7.5க்குள்ள இருந்தா போதும்னு டாக்டர் சொன்னப்போ நான் எதிர்த்துப் பேசல.

அடுத்த தடவை டாக்டரைப் பாக்கப் போறப்போ ஒரே ஒரு பக்கத்துல ஜோடி நம்பர், மாத்திரை பேரு, போடுற நேரம், சுகர் 70க்குக் கீழ போன தேதி எல்லாம் எழுதி எடுத்துட்டுப் போங்க. மறந்து விட்ட மாத்திரையையும் எழுதணும். நாங்க திட்டுவோம்னு பயந்து அம்மா அதை மறைச்சிருக்காங்க, திட்ட மாட்டேன்னு நான் சொன்ன பிறகுதான் வாரத்துக்கு ரெண்டு நாள் ராத்திரி மாத்திரை விட்டுப் போகுதுன்னு சொன்னாங்க.