பேஸ் கிட்டார் டோன்: கம்பியில் ஆரம்பித்து பெடலில் முடிக்கலாம்

புதிதாக பேஸ் கிட்டார் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். பாட்டில் கேட்கிற அந்த பேஸ் சத்தம் என் கிட்டாரில் ஏன் வரவில்லை, எந்தப் பெடல் (காலால் மிதித்து ஒலியை மாற்றுகிற பெட்டி) வாங்கினால் வரும்? பெடல் நல்ல விஷயம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் வரிசையில் அது கடைசி. விரல் கம்பியைத் தொடும் இடத்தில் டோன், அதாவது ஒலியின் தன்மை, பிறக்கிறது, அப்புறம் கம்பி, மரம், பிக்கப், நாப், கேபிள் என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறித்தான் பெடலுக்கு வந்து சேர்கிறது. செத்துப்போன பழைய கம்பியின் சிக்னலில் மேல்பகுதி ஒலியே இல்லை என்றால், பெடலில் ட்ரெபிளை எவ்வளவு ஏற்றினாலும் இரைச்சல்தான் ஏறும். அதனால் சிக்னல் போகிற வழியிலேயே நாமும் போவோம். பேஸைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள், ஒவ்வொரு படியிலும் வாசித்துக் கேளுங்கள்.

முதல் படி: எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள்

ஆம்ப்பில் பேஸ், மிட், ட்ரெபிள் (கீழ், நடு, மேல் ஒலி) நாப்கள் மூன்றையும் நடுவில் நிறுத்துங்கள். கிட்டாரில் வால்யூம், டோன் நாப்களை முழுதாகத் திறந்துவிடுங்கள். பேட்டரி போடுகிற ஆக்டிவ் பேஸ் என்றால் அதிலுள்ள ஈக்யூ (கீழ், மேல் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற) நாப்களும் நடுவில் இருக்கட்டும். பெடல் எதுவும் வேண்டாம். இப்போது வருவதுதான் உங்கள் கிட்டாரின் சொந்தக் குரல், இனி செய்வதையெல்லாம் இதோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

இரண்டாம் படி: மீட்டும் இடம்

ஈ கம்பியை, ஃப்ரெட் எதையும் அழுத்தாமல், நெக் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் மீட்டுங்கள். அப்புறம் அதே பலத்தில் பிரிட்ஜ் பக்கம், அதாவது உடலில் கம்பி முடிகிற இடத்துக்குப் பக்கம், போய் மீட்டுங்கள். முதலாவது கொழுகொழுவென்று உருண்டு வரும், இரண்டாவது இறுக்கமாக, கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி வரும். அந்தக் கம்பியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். கூடவே 82, 124, 165 என்று அதன் மடங்குகளில் மேற்சுரங்களும் ஒலிக்கின்றன. கம்பியின் நடுவை நோக்கிப் போகப் போக அடிப்படை ஓங்கும், முனையை நோக்கிப் போகப் போக மேற்சுரங்கள் ஓங்கும். பிக்கப் எங்கே இருக்கிறது என்பதற்கும் இதே கணக்குதான், அதைப் பிறகு பார்ப்போம்.

விரலின் சதையால் மீட்டுவதற்கும் பிக் என்ற சின்னத் தட்டையான துண்டால் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் பல பெடல்கள் தருகிற வித்தியாசத்தைவிடப் பெரியது. இதற்குக் காசும் செலவில்லை, முதலில் இதைத்தான் நன்றாகப் பழக வேண்டும்.

மூன்றாம் படி: கம்பி

என்னைக் கேட்டால், பேஸில் முதலில் காசு செலவழிக்க வேண்டிய இடம் கம்பிதான். முக்கியமாக இரண்டு வகை. ரவுண்ட்வவுண்ட் கம்பியில் உட்கம்பியைச் சுற்றி உருண்டையான கம்பி சுற்றப்பட்டிருக்கும், விரலை ஓட்டினால் வரிவரியாகத் தட்டுப்படும். மேற்சுரங்கள் நிறைய, பளிச்சென்று பியானோ மாதிரி ஒலிக்கும். ஃப்ளாட்வவுண்ட் கம்பியில் சுற்று தட்டையாக இருக்கும், தொட்டால் வழுவழுப்பு. மேற்சுரங்கள் சீக்கிரம் அடங்கி, ஒவ்வொரு சுரமும் ஒரு குத்தோடு முடியும்.

ஜேம்ஸ் ஜேமர்சன் வாசிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் ரெக்கார்டு நிறுவனத்தின் ஸ்டூடியோவில் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்தவர். கையில் ஒரு 1962 ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ், அதில் தடிமனான லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள். பழசாகிவிட்டது என்பதற்காக அவர் கம்பியை மாற்றுகிறவர் இல்லை. பிரிட்ஜ் மூடிக்குக் கீழே ஒரு ஃபோம் துண்டு கம்பிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும், வலது கையில் பெரும்பாலும் ஆள்காட்டி விரல் மட்டும். அந்தச் சத்தம் பெரும்பாலும் ஸ்டூடியோ மிக்ஸர் போர்டுக்கே நேராகப் போனது, நடுவில் பெடல் கிடையாது. அந்த டோனுக்கு அருகில் போக நீங்கள் செய்ய வேண்டியதும் சுலபம். பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பாஞ்சில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, பிரிட்ஜை ஒட்டினாற்போல் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். கம்பியை லேசாகத் தொட்டால் போதும், தூக்கக் கூடாது. அழுத்தம் அதிகமானால் சுரம் பிறக்கும்போதே செத்துவிடும். டோன் நாபைப் பாதிக்குக் கீழே இறக்கி, விரலை நெக் பக்கம் கொண்டுபோய் மீட்டுங்கள். "டும்" என்று ஒலித்து உடனே நிற்கும், அடுத்த சுரத்துக்கு இடம் விட்டு நிற்கும். வேகமான வரிகளைக்கூட இப்படி வாசித்தால் தெளிவாகப் புரிவதற்கு அந்த இடைவெளிதான் காரணம்.

நான்காம் படி: மரமும் நீளமும்

மரத்தைப் பற்றி நிறையச் சண்டை நடக்கிறது. ஆல்டர், ஆஷ், மஹோகனி என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு டோன் சொல்வார்கள். திட உடல் கொண்ட எலக்ட்ரிக் பேஸில், ஆரம்பத்தில் இருக்கிறவர் இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எடையையும், நெக் நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆனால் ஸ்கேல் நீளத்தை, அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பி படிகிற நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிர்கிற நீளத்தை, கட்டாயம் பாருங்கள். வழக்கமான பேஸ் 34 அங்குலம். ஷார்ட் ஸ்கேல் 30 அங்குலத்தை ஒட்டி வரும். அதே சுதிக்குக் குறைந்த இழுவிசை போதும் என்பதால் கம்பி தளர்வாக இருக்கும், ஒலி தடித்து, உருண்டு வரும், விரலுக்கும் சுலபம். பால் மெக்கார்ட்னி பீட்டில்ஸ் காலத்தில் வாசித்த, வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் இந்த ரகம்தான். அதன் உடலும் உள்ளே காலியானது. அந்தத் தளதளப்பான ஒலி இந்த அமைப்பிலிருந்தும் வருகிறது.

ஐந்தாம் படி: பிக்கப்

கம்பியின் அசைவை மின்சிக்னலாக மாற்றுவது பிக்கப். அது தனக்கு நேர் மேலே கம்பி எப்படி அதிர்கிறதோ அதை மட்டும்தான் கேட்கும். நெக் பக்கம் இருந்தால் அடிப்படை அதிகம், பிரிட்ஜ் பக்கம் இருந்தால் மேற்சுரம் அதிகம்.

ப்ரிசிஷன் பேஸ் 1951இல் வந்தது. இன்று நாம் பார்க்கிற, இரண்டாகப் பிரிந்த பிக்கப் 1957இல் அதற்கு வந்தது. இரண்டு பாதியும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் "ம்ம்ம்" என்ற மின் இரைச்சல் ரத்தாகிவிடும். நடு அதிர்வெண்கள் தடித்து வரும், பாண்டில் (இசைக்குழுவில்) காணாமல் போகாது. 1960இல் ஃபெண்டர் கொண்டுவந்த ஜாஸ் பேஸ் மாடலில் இரண்டு பிக்கப், ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம். உங்களுடையது அந்த ரகம் என்றால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இரண்டையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் இல்லை, நடுப்பகுதி கொஞ்சம் குழிந்து சுத்தமாக ஒலிக்கும், கட்டைவிரலால் அடித்து வாசிக்கிற ஸ்லாப்புக்கு ஏற்றது. நெக் பிக்கப்பை மெதுவாகக் குறைத்துக்கொண்டே போங்கள், ஒலி நடுப்பகுதியில் திரண்டு உறுமும், இரைச்சலும் லேசாக எட்டிப் பார்க்கும். பேஸ் கலைஞர் ஜேகோ பஸ்டோரியஸ் ஃப்ரெட் இல்லாத ஜாஸ் பேஸில், பிரிட்ஜ் பிக்கப்பை முன்னிறுத்தி, கையையும் பிரிட்ஜ் அருகிலேயே வைத்துப் பாட வைத்தார். விரல்பலகைக்கு எபாக்ஸி பூச்சு, மேலே ரவுண்ட்வவுண்ட் கம்பிகள். ஜேமர்சன் தேர்ந்தெடுத்த எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய நேர் எதிர், ஆனால் இரண்டுமே பெடல் பலகையில் தேடிக் கிடைக்கிற டோன் இல்லை.

ஆறாம் படி: நாப், பேட்டரி, கேபிள்

பேட்டரி இல்லாத பாசிவ் பேஸில் டோன் நாப் ட்ரெபிளைக் குறைக்க மட்டும்தான் செய்யும், கூட்டாது. 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே மாதிரி ஆக்டிவ் பேஸில் உள்ளேயே சிக்னலை வலுப்படுத்துகிற ஒரு ப்ரீஆம்ப் இருக்கிறது, அதிர்வெண்ணைக் கூட்டவும் முடியும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், செருகியே வைத்தால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிடும். பாசிவ் பேஸில் மிக நீளமான கேபிள் போட்டாலும் ட்ரெபிள் மங்கும்.

ஏழாம் படி: இப்போது பெடல்

முதலில் ட்யூனர் பெடல். அடுத்து கம்ப்ரஸர். இது பலமாக மீட்டியதைக் குறைத்து, மெதுவாக மீட்டியதோடு சமப்படுத்தும். ரேஷியோ (எவ்வளவு குறைக்கிறது என்பது) 4:1 அளவில் வைத்து, அட்டாக்கை (எவ்வளவு சீக்கிரம் குறைக்கத் தொடங்குகிறது என்பதை) கொஞ்சம் மெதுவாக விடுங்கள், அப்போதுதான் விரல் படும் அந்த முதல் "டக்" தப்பிக்கும். கம்ப்ரஸர் வேலை செய்வது காதுக்கு அப்பட்டமாகத் தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

ஒலியைக் கரகரப்பாக்குகிற ஓவர்டிரைவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கிட்டார்காரர்கள் கொண்டாடுகிற ட்யூப் ஸ்க்ரீமர் போன்ற பெடல்கள், கடகடவென்று குழம்பாமல் இருக்க, சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்துவிட்டுத்தான் டிரைவ் செய்கின்றன. கிட்டாருக்கு அது நல்லது. பேஸுக்கோ உயிரான கீழ்ச்சத்தமே போய்விடும். அதனால் பேஸுக்கென்று செய்த, பிளெண்ட் நாப் உள்ள பெடலைத் தேடுங்கள். பிளெண்ட் என்பது பெடலுக்குள் போகாத சுத்தமான சிக்னலையும் டிரைவ் ஆன சிக்னலையும் கலக்கும் நாப். செய்முறை இதுதான்: பிளெண்டைப் பூஜ்யத்தில் வைத்து, ஈ கம்பியில் ஒரு எளிய வரியைத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். டிரைவைப் பாதிக்கு வையுங்கள். இப்போது பிளெண்டை மெல்ல ஏற்றுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, அப்புறம் சுரத்தின் ஓரத்தில் ஒரு சொரசொரப்பு வரும், இன்னும் ஏற்றினால் கீழ்ச்சத்தம் மெலிய ஆரம்பிக்கும். மெலியத் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள்.

ஆக்டேவ் பெடல் ஒரு சுரத்துக்குக் கீழே அதே சுரத்தின் கீழ் ஸ்தாயியைச் சேர்க்கும். பாஸ் (Boss) நிறுவனத்தின் ஓசி-2 போன்ற பழைய ரகங்கள் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் பின்தொடரும், மிகத் தாழ்ந்த சுரங்களில் தடுமாறும், அதனால் நெக்கில் மேலே ஏறி வாசியுங்கள். என்வலப் ஃபில்டர் "வ்வாவ்" என்று பேசும், எவ்வளவு பலமாக மீட்டுகிறீர்களோ அவ்வளவு வாய் திறக்கும். பூட்ஸி காலின்ஸின் ஃபங்க் வாசிப்பில் இதைக் கேட்கலாம். ஒரே ஒலியைப் பல பேர் வாசிப்பதுபோல் ஆக்கும் கோரஸ் போட்டால், கீழ் அதிர்வெண்ணைத் தொடாமல் விடுகிற வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வரிசையை நான் இப்படி வைப்பேன்: ட்யூனர், என்வலப் ஃபில்டர், கம்ப்ரஸர், ஆக்டேவ், ஓவர்டிரைவ், கோரஸ், கடைசியில் ப்ரீஆம்ப் அல்லது டிஐ (சிக்னலை நேராக மிக்ஸருக்கு அனுப்பும் பெட்டி). ஃபில்டருக்கு உங்கள் கையின் ஏற்ற இறக்கம் வேண்டும், கம்ப்ரஸர் அதைத் தட்டையாக்கிவிடும், ஆகவே அதற்கு முன்னால். ஆக்டேவுக்குச் சுத்தமான, சீரான சிக்னல் வேண்டும், ஆகவே கம்ப்ரஸருக்குப் பின்னால், டிரைவுக்கு முன்னால். மாற்றிப் போட்டுப் பாருங்கள், பெடல் எதுவும் கெடாது. ஆனால் பவர் அடாப்டரின் வோல்டேஜும் பிளஸ் மைனஸும் பெடல் மேல் அச்சிட்டிருப்பதோடு பொருந்துகிறதா என்று கட்டாயம் பாருங்கள், அதில் தவறினால் பெடல் போய்விடும்.

எட்டாம் படி: பாண்டோடு சேர்த்துக் கேளுங்கள்

தனியாக அறையில் வாசிக்கும்போது மிட்டைக் குறைத்து, பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றினால் அருமையாகத்தான் இருக்கும். டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்ததும் அந்த டோன் காணாமல் போகும், ஏனென்றால் கீழே கிக் டிரம்மும் மேலே சிம்பலும் இடத்தைப் பிடித்திருக்கும். 700, 800 ஹெர்ட்ஸை ஒட்டிக் கொஞ்சம் ஏற்றினால் வால்யூமைக் கூட்டாமலே மறுபடி கேட்கும். 200, 250 பக்கம் அதிகமானால் மந்தமாகும், அங்கே குறையுங்கள். ஒத்திகையைப் போனில் பதிவு செய்து போன் ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது, ஆனாலும் மேற்சுரங்கள் இருந்தால் நம் மூளை அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக் கேட்டுக்கொள்ளும். அதில் உங்கள் வரி கேட்கவில்லை என்றால் முதலில் மிட்டை ஏற்றுங்கள், போதாவிட்டால் பிளெண்டை ஒரு பொட்டு கூட்டுங்கள், அதுவும் போதாவிட்டால் கம்பியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.