எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டில லினக்ஸ் போட்டு அதுலயே பூட் பண்றது எப்படி

லேப்டாப்ல இருக்குற விண்டோஸ தொடாம, வெளிய சொருகுற எஸ்எஸ்டில ஒரு முழு லினக்ஸ் போட்டு வச்சுக்கிட்டா, கிட்டத்தட்ட எந்த மெஷின்ல வேணா சொருகி நம்ம டெஸ்க்டாப்ப நம்ம ஃபைல்ஸோட அப்படியே ஓட்டலாம். இன்ஸ்டால் பண்றது பெரிய வித்தை எல்லாம் இல்ல, பூட்லோடர் (மெஷின் ஆன் ஆனதும் ஓஎஸ்ஸ கிளப்பி விடுற சின்ன புரோகிராம்) எந்த டிஸ்க்ல போய் உக்காருதுங்குறதுல தான் முக்காவாசி பேரு மாட்டிக்கிறாங்க, அதனால அத மட்டும் கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

முதல்ல ஒரு குழப்பத்த தீத்துக்கலாம். ரூஃபஸ், எட்சர் மாதிரி டூல் வச்சு பென்டிரைவ்ல ஐஎஸ்ஓ, அதாவது லினக்ஸ் இன்ஸ்டால் ஃபைல எழுதுறோம்ல, அது லைவ் யூஎஸ்பி, சும்மா போட்டு பாக்குறதுக்கும் இன்ஸ்டால் பண்றதுக்கும் தான், ரீஸ்டார்ட் பண்ணா நீங்க செஞ்சது எதுவும் இருக்காது. நமக்கு வேண்டியது அந்த பென்டிரைவ்ல இருந்து பூட் பண்ணி, எஸ்எஸ்டிய ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க் மாதிரியே நினைச்சு அதுல இன்ஸ்டால் பண்றது. ஆக ரெண்டு டிரைவ் வேணும். இன்னொரு பென்டிரைவ்லயே இன்ஸ்டால் பண்ணிக்கலாமேனு கேப்பீங்க, பண்ணலாம், ஆனா சின்ன சின்ன ஃபைலா எழுதும்போது பென்டிரைவ் திணறிடும், ஒரு அப்டேட் போட்டாலே மவுஸ் நகராம நிக்கும், வேண்டாம். போர்ட்டும் யூஎஸ்பி 3-ஆ பாத்து சொருகுங்க, யூஎஸ்பி 2 நொடிக்கு 480 மெகாபிட்டோட முடிஞ்சிடும், அதுல எஸ்எஸ்டி போட்டும் பிரயோஜனம் இல்ல.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி விண்டோஸ்ல பிட்லாக்கர், அதாவது டிஸ்க்க பூட்டி வைக்கிற என்கிரிப்ஷன், ஆன்ல இருக்கானு பாருங்க. இருந்தா அந்த 48 இலக்க ரெக்கவரி கீய வேற எங்கயாவது எழுதி வச்சுக்கோங்க, ஏன்னா செக்யூர் பூட்டயோ (நம்பகமில்லாத பூட்லோடர தடுக்குற செட்டிங்) பூட் ஆர்டரயோ மாத்தினா விண்டோஸ் அடுத்த தடவ அத கேட்டு நிக்கலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பயும் ஆஃப் பண்ணிடுங்க, அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் குடுத்தாலும் முழுசா ஷட்டவுன் ஆகுறது இல்ல.

இப்ப மெயின் மேட்டர். நாம போடப்போற லினக்ஸ் உபுண்டு, அதுல 22.04 வரைக்கும் வந்த பழைய இன்ஸ்டாலர்ல ஒரு பேர் போன பக் இருக்கு, பூட்லோடர் எங்க போடணும்னு கேக்குற இடத்துல நீங்க எக்ஸ்டெர்னல் டிரைவ செலக்ட் பண்ணாலும், யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்கு பதிலா வந்தது) மெஷினா இருந்தா அது கண்டுக்காம உள்ள இருக்குற டிஸ்க்கோட இஎஃப்ஐ பார்ட்டிஷன்ல, அதாவது பூட் ஃபைல்ஸ் இருக்குற சின்ன பகுதில, கிரப்ப (உபுண்டுவோட பூட்லோடர்) கொண்டு போய் வச்சிடும். அப்போதைக்கு எல்லாம் நல்லா ஓடுற மாதிரியே தெரியும். எஸ்எஸ்டிய கழட்டிட்டு லேப்டாப்ப ஆன் பண்ணா தான் கறுப்பு ஸ்கிரீன்ல கிரப்னு மட்டும் போட்டு கர்சர் மினுக்கிட்டு நிக்கும், அதே எஸ்எஸ்டிய இன்னொரு மெஷின்ல சொருகினா அங்கயும் பூட் ஆகாது. பயப்பட வேண்டாம், விண்டோஸ் எங்கயும் போகல, பூட் மெனுல விண்டோஸ் பூட் மேனேஜர செலக்ட் பண்ணா வந்துடும். ஆனா இத வர விடாம பண்றது தான் புத்திசாலித்தனம்.

சுத்தமான வழி, உள்ள இருக்குற டிஸ்க்க கழட்டி வைக்கிறது, இல்ல பயாஸ்ல அத டிசேபிள் பண்ண ஆப்ஷன் இருந்தா அத பண்றது. ரெண்டும் முடியாதுனா லைவ் யூஎஸ்பில ஜிபார்ட்டட்ங்குற பார்ட்டிஷன் டூல திறந்து, உள் டிஸ்க்ல ஃபேட்32-னு சின்னதா ஒரு பார்ட்டிஷன் இருக்கும், அதுல ரைட் கிளிக் பண்ணி மேனேஜ் ஃபிளாக்ஸ் போய் பூட், இஎஸ்பி ரெண்டு டிக்கையும் எடுத்துடுங்க. இன்ஸ்டால் முடிஞ்சதும் ரீஸ்டார்ட் குடுக்காம திரும்பி வந்து அந்த டிக்க போட்டுடணும், மறந்தா விண்டோஸ் பூட் ஆகாம அடம் பிடிக்கலாம்.

பழைய இன்ஸ்டாலர்ல சம்திங் எல்ஸ், புதுசுல மேனுவல் இன்ஸ்டாலேஷன் ஆப்ஷன எடுங்க. சைஸ பாத்து எஸ்எஸ்டி எதுனு கண்டுபிடிங்க, எஸ்டிஏ, எஸ்டிபினு வர்ற பேர நம்பாதீங்க, அது சொருகுற வரிசைய பொறுத்து மாறும். எஸ்எஸ்டில ஜிபிடிங்குற பார்ட்டிஷன் டேபிள் போட்டு, 512 எம்பில ஒரு இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன், மிச்சம் இஎக்ஸ்டி4 (லினக்ஸோட ஃபைல் சிஸ்டம்), மவுண்ட் பாயிண்ட் ரூட், அதாவது வெறும் / குறி, அவ்ளோ தான். எடுத்துட்டு சுத்துற டிரைவ் தொலைய வாய்ப்பு இருக்குறதால என்கிரிப்ட் பண்றது நல்லது, ஆனா இந்த மேனுவல் வழில அது கொஞ்சம் கூடுதல் வேலை.

முடிஞ்சதும் எஸ்எஸ்டியோட இஎஃப்ஐ பார்ட்டிஷன திறந்து பாருங்க, இஎஃப்ஐ ஃபோல்டருக்குள்ள பூட்னு ஒரு ஃபோல்டர், அதுல பூட்எக்ஸ்64-னு ஒரு ஃபைல் இருக்கணும். புது மெஷினுக்கு உங்க உபுண்டுவ பத்தி எதுவும் தெரியாது, அது எக்ஸ்டெர்னல் டிரைவ்ல தேடுறது இந்த ஒரு ஃபைல தான். இல்லைனா எஸ்எஸ்டில பூட் பண்ணிட்டு, கிரப் இன்ஸ்டால் கமாண்ட ரிமூவபிள் ஆப்ஷனோட ஒரு தடவ ஓட்டுங்க, அங்க வந்து உக்காந்துடும்.

பூட் மெனு கீ பொதுவா டெல், லெனோவோக்கு எஃப்12, ஹெச்பிக்கு எஃப்9, ஏசுஸ்க்கு எஸ்கேப் இல்ல எஃப்8. எதுவும் வேலைக்கு ஆகலைனா விண்டோஸ்ல ஷிஃப்ட்ட அமுக்கிட்டே ரீஸ்டார்ட் குடுத்து, யூஸ் எ டிவைஸ் போங்க. எம்1-ல இருந்து ஆப்பிளோட சொந்த சிப் இருக்குற மேக்ல இந்த டிரைவ் ஓடாது, அது ஆர்ம்ங்குற வேற வகை சிப், நாம போட்டது இன்டெல், ஏஎம்டிக்கானது.

பல மெஷின்ல ஓட்டுறதா இருந்தா என்விடியா டிரைவர் போடாம விடுங்க, லினக்ஸோட மையமான கெர்னல்ல கூட வர்ற டிரைவரே போதும். விண்டோஸ்க்கு திரும்பினா கடிகாரம் தப்பா காட்டுதுனா, லினக்ஸ் ஹார்ட்வேர் கடிகாரத்த யூடிசில (உலகப் பொது நேரம்) வைக்குது, விண்டோஸ் லோக்கல் டைம்னு எடுத்துக்குது, லினக்ஸ்ல டைம்டேட்சிடிஎல் கமாண்ட்ல லோக்கல் ஆர்டிசிய (ஆர்டிசினா அந்த ஹார்ட்வேர் கடிகாரம்) 1-னு செட் பண்ணா சரியாயிடும்.