ஸ்டீராய்டுக்கு அடங்காத ஜிவிஹெச்டி: குழந்தைக்கு எம்எஸ்சி செல் ஏற்றும் முறை

எலும்பு மஜ்ஜை மாற்று முடிந்து கொடையாளியின் செல்கள் வேரூன்றிய பிறகு, அவற்றிலுள்ள டி செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) குழந்தையின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமென்று கருதித் தாக்குவதே தீவிர ஜிவிஹெச்டி. முதல் மருந்து மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. வழக்கமாக நாளொன்றுக்குக் கிலோவுக்கு 2 மி.கி. மூன்று நாளில் நோய் ஏறினாலோ, ஏழு நாளாகியும் இறங்காவிட்டாலோ ஸ்டீராய்டுக்கு அடங்கவில்லை என்று கொள்ளலாம். இந்தக் கட்டத்தில் இருக்கும், 2 மாதம் நிரம்பிய குழந்தைகளுக்காக ரையான்சில் என்ற எம்எஸ்சி (மெசன்கைமல் ஸ்ட்ரோமல் செல்) மருந்தை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 டிசம்பரில் அனுமதித்தது. இந்தக் குறிப்பு அதை ஏற்றும் செவிலியருக்கும் இளம் மருத்துவருக்குமானது. பெற்றோரும் படிக்கலாம், அளக்கும் வேலையில் பாதி அவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஆரோக்கியமான கொடையாளியின் மஜ்ஜையிலிருந்து பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, உறைய வைத்த செல்கள் இவை. மரபணுவில் கை வைப்பதில்லை. உடலில் இவை வேர்விடுவதும் இல்லை. பெரும்பகுதி நுரையீரலில் தங்கிச் சில நாட்களில் அழிந்துவிடும். அதற்குள் சுரக்கும் பொருட்கள் அழற்சியைத் தணிக்கின்றன. அதனால்தான் ஹெச்எல்ஏ என்ற திசுவகைப் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை, அதனால்தான் ஒரே டோஸோடு வேலை முடிவதும் இல்லை.

மருந்துக்கு ஏற்பாடு செய்வதற்கு முன் அளவுகளைச் சரியாக எடுங்கள். குழந்தைக்கு மலத்தின் அளவைக் கிலோவுக்கு எத்தனை மி.லி. என்று கணக்கிட வேண்டும்: 24 மணி நேரத்தில் 10 முதல் 20க்குள் இருந்தால் முதல் நிலை, 20 முதல் 30 வரை இரண்டாம் நிலை, 30க்கு மேல் மூன்றாம் நிலை. கடும் வயிற்றுவலி இருந்தாலோ மலத்தில் கண்ணால் பார்க்கும்படி இரத்தம் போனாலோ நான்காம் நிலை. டயப்பரைப் போடும் முன் ஒருமுறை, கழற்றிய பின் ஒருமுறை எடை போடுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமையும் ஒரு மி.லி. என்று எழுதுங்கள். சிறுநீர் கலந்தால் கணக்கு ஏறிவிடும். எனவே சிறுநீருக்குத் தனிப்பை ஒட்டுங்கள்; முடியாதபோது ‘கலந்தது’ என்று குறித்துவிடுங்கள். நோயின் படிநிலையும், மருந்து வேலை செய்ததா என்ற 28ஆம் நாள் தீர்ப்பும் இந்த எண்ணை வைத்தே சொல்லப்படுவதால், ‘நாலைந்து முறை போனான்’ என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. தோலுக்குத் தடிப்பு உடற்பரப்பில் எத்தனை சதவீதம் என்பதையும், கல்லீரலுக்கு இரத்தத்திலுள்ள பிலிருபின் என்ற பித்த நிறமியையும் பதியுங்கள், டெசிலிட்டருக்கு 2 மி.கி.க்கு மேல் போனால் கணக்கில் வரும்.

ஜிவிஹெச்டி போலவே தோற்றம் தரும் மற்ற நோய்களை விலக்குவதும் இப்போதே நடக்க வேண்டும். சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்), அடினோ வைரஸ், கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியா மூன்றும் இதே வயிற்றுப்போக்கைத் தரும். கிருமி இருக்கும்போது நோயெதிர்ப்பை மேலும் அடக்கினால் குழந்தை மோசமாகும். பிலிருபின் மட்டும் ஏறினால் கல்லீரல் சிரை அடைப்பையும், பூஞ்சைக்குத் தரும் அசோல் மருந்துகளையும் சந்தேகியுங்கள்.

டோஸ் கிலோவுக்கு 20 லட்சம் செல். வாரம் இருமுறை, நான்கு வாரம், மொத்தம் எட்டு. இரண்டு ஏற்றலுக்கு நடுவே குறைந்தது மூன்று நாள் வேண்டும். திங்கள், வியாழன் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. ஒரு குப்பியில் 3.8 மி.லி. திரவத்தில் 2.5 கோடி செல் இருக்கும். 18 கிலோ குழந்தைக்கு 3.6 கோடி வேண்டும் என்பதால் இரண்டு குப்பி உருக்க வேண்டும். இரண்டாவதில் பாதிக்குமேல் மிஞ்சும், அதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. ஸ்டீராய்டில் நீர் கோத்து முகம் வீங்கிய குழந்தையின் எடை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். எந்த எடையை எடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டு, தாளில் எழுதிவிட்டே கணக்குப் போடுங்கள்.

குப்பிகள் திரவ நைட்ரஜன் ஆவியில், மைனஸ் 135 டிகிரிக்குக் கீழே இருக்கும். அவசரப்பட்டு முதலில் உருக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சென்ட்ரல் லைன் (பெரிய சிரையில் போட்ட குழாய்) அடைப்பின்றி ஓடுகிறதா, முன்மருந்தாக ஸ்டீராய்டும் ஆன்டிஹிஸ்டமினும் போயாயிற்றா, காய்ச்சல் இல்லையா, ஆக்சிஜனும் அட்ரினலினும் படுக்கையருகே தயாரா என்று பார்த்த பிறகே குப்பியை வெளியே எடுங்கள். 37 டிகிரி வாட்டர் பாத்தில் மெதுவாகச் சுழற்றி உருக்கி, பனி கரைந்ததும் உடனே எடுத்துவிடுங்கள். உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ என்ற வேதிப்பொருள், உருகிய பின் அதே செல்லுக்கு நஞ்சு. வெப்பத்தில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிருள்ள செல்கள் குறையும். மருந்துத்தாளில் சொன்ன அளவு பிளாஸ்மா-லைட் ஏ கரைசலில் சேர்த்துக் கலக்குங்கள். குலுக்கக் கூடாது. பை சும்மா தொங்கினால் செல் அடியில் படியும், ஆகவே ஏற்றும்போது இடையிடையே பையை மெல்லப் புரட்டிவிடுங்கள். வெள்ளணு வடிகட்டி போடவே கூடாது: வழக்கமாக இரத்தம் ஏற்றும் கை தானாக அதை எடுத்து மாட்டிவிடும், மாட்டினால் மருந்து முழுக்க வடிகட்டியிலேயே நின்றுவிடும். இரத்தப் பைகளைப் போல இதைக் கதிர்வீச்சுக்கும் அனுப்பக் கூடாது.

டிஎம்எஸ்ஓவுக்கோ, பன்றி, மாட்டுப் புரதத்துக்கோ ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இந்த மருந்து கூடாது. ஏற்றும்போது நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு மூன்றையும் தொடர்ந்து பாருங்கள்; முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் கண்காணிப்பது நல்லது. மூச்சில் பூண்டு வாசம் அடித்தால் பயப்பட வேண்டாம், அது டிஎம்எஸ்ஓ வெளியேறும் வழி என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மூச்சிரைப்போ அரிப்போ அழுத்தக் குறைவோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

இந்தியாவில் இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர, அனுமதி பெறாத ஸ்டெம் செல் சிகிச்சை எதுவாயினும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி பதிவு செய்த ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ‘எம்எஸ்சி போடுகிறோம்’ என்று பணம் கேட்கும் கிளினிக்கிடம் ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

28ஆம் நாள், இரண்டு நாள் முன்பின் ஆனாலும் சரி, மலம், தோல், பிலிருபின் மூன்றையும் முதல் நாள் எண்ணோடு வைத்துப் பாருங்கள். அனுமதிக்கு அடிப்படையான 54 குழந்தைகளின் ஆய்வில் 70 சதவீதத்தினர் அன்று தேறியிருந்தார்கள். முழுதாகத் தணிந்தவர்கள் 30 சதவீதம். முழுதாகத் தணிந்தால் மேலும் வேண்டாம். ஓரளவே தணிந்தால் வாரம் ஒன்றாக இன்னும் நான்கு டோஸ். அசைவே இல்லையென்றால் வேறு மருந்துக்குப் போக வேண்டும். 12 வயது நிரம்பியவர்களுக்கு ருக்சோலிட்டினிப் 2019 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. தணிந்த நோய் திரும்பினால் மறுபடி வாரம் இருமுறை, நான்கு வாரம். ஸ்டீராய்டைக் குறைக்கும் வாரங்களில்தான் அது எட்டிப் பார்க்கும்; எனவே மாத்திரை முழுதாக நிற்கும்வரை டயப்பர் எடையையும் வாராந்திர சிஎம்வி பிசிஆர் இரத்தப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.