நோய் நீண்டுபோன வீட்டில் ஜெபிப்பது எப்படி

என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பாளையங்கோட்டைப் பக்கத்தில் உள்ள சபையில் பிறந்து வளர்ந்தவள் நான். விசுவாசி கலங்கமாட்டாள் என்று சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது வேறு: நன்றாகக் கலங்குங்கள். ஆனால் கர்த்தருடைய சமுகத்தில் போய்க் கலங்குங்கள்.

அதற்குச் சங்கீதப் புத்தகத்தை எடுங்கள். 23ஆம் சங்கீதம் நமக்கு மனப்பாடம். 91ஐச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்போம். இப்போது 13ஐத் திறங்கள். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கர்த்தரிடமே கேட்கிறது அது. ஆறே வசனம்தான், முடிவில் நம்பிக்கைக்கு வந்துவிடும். 88 அப்படி வராது, இருளிலேயே முடிந்துவிடும். அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. சிலுவையில் ஆண்டவர் கதறியதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரிதான். ஆகவே இப்படிப் பேசுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள்.

ஒரு வசனத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, அதே மூச்சில் உங்கள் காரியத்தைச் சொல்லுங்கள். "மறுபடி இரத்தத்தில் கிரியேட்டினின் கழிவு ஏறிவிட்டது ஆண்டவரே, பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கு இந்த மாதம் வழியில்லை" என்பதும் ஜெபம்தான். ஸ்தோத்திரம் சொல்ல நா எழவில்லையென்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். டயாலிசிஸ் முடிந்து வரும் இரவுகளில் அவருக்குக் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முழங்கால்படியிட எனக்கு நேரம் இருக்காது. காலை நீவிக்கொண்டே "இரங்கும் கர்த்தாவே" என்று சொல்வேன். அந்த நேரத்து ஜெபம் அவ்வளவுதான்.

கவனித்துக்கொள்கிறவர் சாப்பிடவேண்டும், தூங்கவேண்டும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாகவேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. எழுந்து சாப்பிடு என்று சொல்லி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான். எலியா தின்று, குடித்து, மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாவது முறையும் எழுப்பி உண்ணச் செய்தான். கர்த்தர் அவரோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். நாமோ சோறு இறங்காமல், தூக்கமும் இல்லாமல் உபவாசம் வேறு எடுக்கிறோம். ஏற்கெனவே ஓய்ந்துபோன உடம்புக்கு அது வேண்டாம் என்பதே என் எண்ணம்.

பார்க்க வருகிறவர்கள் அன்போடு இளநீரும் வாழைப்பழமும் வாங்கி வருவார்கள். சிறுநீரகம் கெட்டவருக்குப் பொட்டாசியம் ஆகாது. அவை இரண்டிலும் அதுதான் அதிகம். என் கணவருக்குத் தண்ணீரே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துத்தான் கொடுக்கிறேன். ஆகவே "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கிறவர்களிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்: "வியாழக்கிழமை அவரோடு போய் உட்கார்ந்திருங்கள் அண்ணாச்சி", "சாயங்காலம் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு கொடுங்கள் அக்கா." நம் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கைக்கு எடுத்து வைக்கிறவர்கள். கேட்டால் செய்வார்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவேண்டும் என்று பவுல் எழுதியது, நாம் சுமக்கக் கொடுத்தால்தான் நடக்கும். சபை ஐயருக்கும், அதாவது போதகருக்கும், நீங்களே சொல்லி அனுப்புங்கள். வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைப்பானாக என்றுதான் யாக்கோபு நிருபத்தில் இருக்கிறது.

"எந்தப் பாவத்துக்கோ?" என்று கேட்கிறவர்களும் வருவார்கள். யோவான் 9ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். பிறவிக் குருடனைக் குறித்து, அவன் செய்த பாவமும் அல்ல, பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று இயேசு தெளிவாகச் சொல்லிவிட்டார். யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகவே இருந்தார்கள்; வாய் திறந்த பிறகுதான் அவர்மேல் பாவத்தைச் சுமத்தினார்கள்.

"விசுவாசம் இருந்தால் டயாலிசிஸை நிறுத்துங்கள்" என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும், நிறுத்தாதீர்கள். உயிர் போய்விடும். பவுல் தன் மாம்சத்தில் முள்ளாகக் குத்திய வேதனை நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார். அது நீங்கவில்லை, கிருபைதான் கிடைத்தது. அவரோடு இருந்த லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றே எழுதுகிறார். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்; டயாலிசிஸ் அதில் அடங்கும். இல்லையென்றால் வருமானச் சான்றுக்கு இன்றே அலையத் தொடங்குங்கள்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், செத்துப்போனால் தேவலை என்ற நினைவு வந்துகொண்டே இருந்தால், ஐயரிடம் சொல்வதோடு நிறுத்தாமல் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.