தைலமரக் கட்டைகளை அடக்கிய விதம்

ஓய்வூதியப் பணத்தில் புதுக்கோட்டைப் பக்கம் 2 ஏக்கர் தைலமரத் தோப்பு வாங்கினேன். பட்டா, வில்லங்கச் சான்று, நில அளவை எல்லாம் சுலபமாக முடிந்தன. மரங்களை வெட்டிய பிறகுதான் தலைவலி. ஒவ்வொரு அடிக்கட்டையும் கொத்துக்கொத்தாகத் துளிர்த்தது.

பொக்லைன் வைத்துப் பிடுங்கச் சொன்னார்கள். மேல்மண் புரண்டுவிடும், செலவும் தாங்காது. அதனால் கட்டையைத் தரைமட்டமாக அறுத்து, சுற்றிலும் மண்ணைத் தோண்டி, வேர் தொடங்கும் இடம்வரை பட்டையை உரித்தேன். துளிர்க்கும் மொட்டுகள் பட்டைக்கடியில்தான் உறங்குகின்றன. தப்பிய துளிர்களை விரல் நீளத்திலேயே கையால் ஒடித்தேன். இலை விரிய விட்டால் வேருக்குச் சோறு கிடைத்துவிடும். அறுபதைத் தாண்டிய முதுகுக்கு ஏற்ற வேலை, முக்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். மெல்ல மெல்லக் கட்டைகள் உளுத்தன.

பிறகு சரிவுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி மழைநீரை நிறுத்தி, ஐப்பசியில் வீரை, காயா, உலக்கைப்பாலை நட்டேன். மூன்றும் இந்த மாவட்டத்துக் கோயில் காடுகளில் நிற்பவை. வளர்ச்சி மகா மந்தம். "நிழல் பேரனுக்குத்தான்" என்று மனைவி கேலி செய்கிறாள், செய்யட்டும்.

ஆடுகளைத் தடுக்கக் கம்பி வேலி போடவில்லை. கிளுவை மரத்தின் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைத்துண்டுகளை, நெருக்கமாக ஊன்றினால் போதும், அவையே வேர்விட்டு முள்வேலியாகின்றன. மேற்கு மூலையில் மட்டும் இன்னும் இடைவெளி இருக்கிறது. அங்கே இப்போதைக்குக் கருவேல முள் வெட்டிப் போட்டிருக்கிறேன்.